பழைய பிக்கப்புக்கு வேறு வண்டியின் பாகம்: எதை மாற்றலாம், ஆர்சி எங்கே குறுக்கே வரும்?

15 வயதான ஒரு பிக்கப்பை நினைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் நன்றாக இருக்கிறது, லோடும் இழுக்கிறது. ஆனால் ஸ்டியரிங்கை ஒடிக்கத் தோள்பட்டை வலிக்கிறது; பிரேக்கைக் கிட்டத்தட்ட எழுந்து நின்றுதான் மிதிக்க வேண்டியிருக்கிறது. புது பிக்கப் எடுக்கணும் என்றால் பத்து லட்சத்தை ஒட்டி ஆகும். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் பதில் தயாராக இருக்கும். அதே கம்பெனியின் கொஞ்சம் புது வண்டி ஒன்று விபத்தில் அடிபட்டு, உடைப்பதற்கு வந்திருக்கும். அதிலிருந்து பவர் ஸ்டியரிங், டிஸ்க் பிரேக், ஐந்து கியர் பாக்ஸ் எல்லாவற்றையும் கழற்றி இதில் மாட்டிவிடலாம் என்பார்கள்.

இப்படிப் பாகம் கொடுக்கும் வண்டிக்கு டோனர் என்று பெயர். பெயருக்கு ஏற்ற மாதிரி ரத்த தானத்தின் இரண்டு விதிகளும் இங்கேயும் உண்டு: குரூப் சேர வேண்டும், எங்கிருந்து வந்தது என்பதும் தெரிய வேண்டும். குரூப் சேருமா என்று மெக்கானிக் பார்த்துக்கொள்வார். எங்கிருந்து வந்தது, ஆர்சியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டியவர் உரிமையாளர். கிராமத்தில் அப்பாவோ சித்தப்பாவோ ஓட்டும் வண்டிக்கு நகரத்திலிருந்து பணம் அனுப்புகிறவர் நீங்கள் என்றால், அந்த உரிமையாளர் பெரும்பாலும் நீங்கள்தான்.

எந்த வண்டிக்கு எது பொருந்தும்?

இந்தியாவில் டோனர் வேலை அதிகம் நடப்பது மஹிந்திரா வண்டிகளில். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1947-இல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்று வண்டித் தொழிலுக்கு வந்த கம்பெனி அது. அந்த ஜீப்பின் சக்கரத்தில் ஐந்து போல்ட். அவை அமைந்த வட்டத்தின் விட்டம் ஐந்தரை அங்குலம், அதாவது 139.7 மில்லிமீட்டர். அதே அளவு பொலெரோ, ஸ்கார்பியோ, 2010-இல் வந்த தார் வரைக்கும் தொடர்ந்தது. அரை நூற்றாண்டைத் தாண்டி ஒரே போல்ட் கணக்கு. ஒரு தலைமுறை வண்டியின் வீலும் ஹப்பும் இன்னொன்றில் உட்காரும் என்ற நம்பிக்கை ஒர்க்‌ஷாப்களில் வளர்ந்தது இப்படித்தான்.

ஆனால் போல்ட் சேர்ந்தால் எல்லாம் சேர்ந்துவிடாது. பொலெரோ என்ற ஒரே பெயரில் இரண்டு விதமான முன்பக்கம் உண்டு. பயணிகள் பொலெரோவில் முன் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும், காயில் ஸ்பிரிங். பல பிக்கப் மாடல்களில் முன்னாலும் பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங். இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அச்சு. முதலாவதிலிருந்து கழற்றிய டிஸ்க் பிரேக் இரண்டாவதில் நேராக ஏறாது. ‘பொலெரோ பார்ட்ஸ்தான், பொலெரோவுக்குப் போடுறோம்’ என்று சொல்வது இங்கே அர்த்தமில்லாத உத்தரவாதம். மாடல் பெயரை விட்டுவிட்டு, முன்பக்க அமைப்பு என்ன, எந்த ஆண்டு, எந்த இன்ஜின் என்று கேட்க வேண்டும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் ஆர்சியை எடுத்து மேசையில் வையுங்கள். அதில் எந்தெந்த விவரம் பதிவாகிறது என்று ஒரு எக்செல் பட்டியல் போட்டுப் பார்த்தேன் (தொழில் பழக்கம்). தயாரிப்பாளர் பெயர், பாடி வகை, தயாரித்த மாதமும் ஆண்டும், சிலிண்டர் எண்ணிக்கை, சேசிஸ் எண், இன்ஜின் எண், குதிரைத்திறன் அல்லது சிசி, வீல்பேஸ், இருக்கை எண்ணிக்கை, எரிபொருள், வெற்று எடை, நிறம். சரக்கு வண்டி என்றால் கூடவே மொத்த எடை, டயர்களின் எண்ணிக்கையும் அளவும், ஒவ்வொரு அச்சுக்கும் பதிவான எடை.

பட்டியலில் எது இல்லை என்பதையும் கவனியுங்கள். பிரேக் டிஸ்க்கா டிரம்மா என்று இல்லை. ஸ்டியரிங் பவரா இல்லையா என்று இல்லை. கியர் நான்கா ஐந்தா என்றும் இல்லை. ஆனால் இன்ஜின் எண் இருக்கிறது, டயர் அளவு இருக்கிறது, எடை இருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு பேசுவது இந்த விவரங்களைப் பற்றி. ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. ‘மாற்றம்’ என்றால் என்ன என்பதற்கு அதே பிரிவில் விளக்கமும் உண்டு: வண்டியின் கட்டமைப்பை மாற்றி, அதனால் அதன் அடிப்படை அம்சமே மாறிவிடுவது.

கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை இறுக்கமாகப் படித்தது. மாநில விதிகளைக் காட்டி மாற்றத்தை அனுமதித்த உயர் நீதிமன்றத் தீர்ப்பு நிற்கவில்லை. ஒரு மாடலின் மாதிரி வண்டியை அரசு அங்கீகரித்த நிலையம் சோதித்துச் சான்று கொடுத்த பிறகுதான் அந்த மாடல் விற்பனைக்கு வருகிறது. எனவே தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பை உரிமையாளர் மாற்ற முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ஆர்சியின் மற்ற விவரங்களை மாற்றிப் பதிவு செய்துகொள்ளும் வழியை நீதிமன்றம் மூடவில்லை. இந்தத் தீர்ப்பு வந்த சமயத்தில் ‘இனி வண்டியில் எதையுமே தொடக்கூடாது’ என்று பரவிய செய்திகள் விஷயத்தைப் பெரிதாக்கியவை.

அதே ஆண்டு சட்டத் திருத்தத்தில் 182ஏ என்ற பிரிவு வந்தது. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். உதிரிபாகங்களை ரெட்ரோஃபிட் செய்வதும் இதில் அடங்கும் என்று பிரிவே சொல்கிறது.

அப்படியானால் டோனரிலிருந்து பிரேக் பூஸ்டர் மாட்டினால் குற்றமா? ஆர்சியின் எந்தக் கட்டமும் மாறவில்லை, வண்டியின் அடிப்படை அம்சமும் மாறவில்லை என்பதால், அதே கம்பெனி அதே மாடலின் மேல் வேரியன்ட்டுக்குக் கொடுத்த பாகத்தை மாட்டுவதற்கு நல்ல வாதம் உண்டு. வாதம் உண்டு என்றுதான் சொல்கிறேன். சட்டப் பாதுகாப்பு என்று சொல்லவில்லை. வேறு கம்பெனி வண்டியின் பாகத்தை வெட்டி ஒட்டினால் அந்த வாதம் மெலிந்துவிடும். இன்ஜின், டயர் அளவு, எடை, வீல்பேஸ், பாடி ஆகியவற்றைத் தொட்டால் வாதத்துக்கே இடமில்லை. ஆர்டிஓ அலுவலகம் போகாமல் தீராது.

பிரேக்: எல்லாரும் முதலில் கேட்பது, அதிகம் தப்பாவதும் இதுதான்

பணம் ஒரே ஒரு வேலைக்குத்தான் இருக்கிறது என்றால் பிரேக்குக்குப் போடுங்கள் என்பேன். ஆனால் முன்பக்கம் டிஸ்க் மாட்டிவிட்டால் பிரேக் நன்றாகிவிடும் என்பது பாதி உண்மை.

டிரம் பிரேக்கில் சுழலும் டிரம்மே ஷூவைத் தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்ளும். கால் கொடுக்கும் அழுத்தம் அங்கே கொஞ்சம் பெருகும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. அதனால் அதே காலுக்கு டிஸ்க் கூடுதல் ஆயில் பிரஷர் கேட்கும். பூஸ்டர் இல்லாத பழைய வண்டியில் டிஸ்க்கை மட்டும் மாட்டினால் பெடல் முன்னைவிடக் கல்லாகிவிடும். காலிப்பர், டிஸ்க், ஹப், பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் ஒரே டோனரிலிருந்து ஒரு செட்டாக வர வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

மாஸ்டர் சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். முக்கால் அங்குல போர் என்றால் 19.05 மிமீ. அதை எடுத்துவிட்டு 22.2 மிமீ போர் உள்ள ஒன்றை மாட்டினால் பிஸ்டனின் பரப்பு சுமார் 36 சதவீதம் கூடும். பெடல் ஒரு மிதியில் அதிக ஆயிலைத் தள்ளும், ஆனால் அதே கால் பலத்துக்கு பிரஷர் சுமார் 26 சதவீதம் குறையும். ‘பெரிய சிலிண்டர், பவரான பிரேக்’ என்ற நம்பிக்கை நேர் எதிரானது. சிறிய போர் போட்டால் பிரஷர் கூடும். ஆனால் காலிப்பரின் பெரிய பிஸ்டனை நகர்த்த ஆயில் போதாமல் பெடல் தரை வரை போய்விடும். இரண்டுக்கும் நடுவில் சரியான அளவைக் கம்பெனி ஏற்கெனவே கண்டுபிடித்து டோனர் வண்டியில் வைத்திருக்கிறது. அதை மதித்தால் போதும்.

இன்னொரு சின்ன விஷயம். டிரம்முக்கான சில மாஸ்டர் சிலிண்டர்களில், பெடலை விட்ட பிறகும் லைனில் கொஞ்சம் பிரஷரைப் பிடித்துவைக்கும் வால்வு இருக்கும். டிஸ்க்குக்கு அது ஆகாது. பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும், சூடேறும், மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் மங்கும்.

இனி டீசல் வண்டிக்கே உரிய ஒரு பொறி. பிரேக் பூஸ்டர் வேலை செய்ய வெற்றிடம் வேண்டும். பெட்ரோல் இன்ஜின் அதைத் தானாகவே தரும், டீசல் இன்ஜின் தராது. அதனால் தனி வேக்கம் பம்ப் தேவை. இந்தியாவின் பல பழைய டீசல் வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘லைட் மங்கலா இருக்கு’ என்று அதிக ஆம்பியர் ஆல்டர்னேட்டர் ஒன்றை டோனரிலிருந்து மாட்டுகிறார்கள். அதில் பம்ப் இல்லையென்றாலோ, அதன் ஆயில் பைப் சரியாக இணையவில்லை என்றாலோ, பிரேக்கின் பலம் போய்விடும். எலக்ட்ரீஷியன் செய்த வேலை பிரேக்கில் வந்து முடியும்.

லோடு வண்டி என்பதால் பின் பிரேக்கையும் பார்க்க வேண்டும். காலியாக ஓடும் பிக்கப்பின் பின்பக்கம் லேசானது. அழுத்திப் பிடித்தால் பின் சக்கரம் லாக் ஆகி வண்டி சுழலும். இதைத் தடுக்கப் பல வண்டிகளில் லோடுக்குத் தகுந்தபடி பின் பிரேக் பிரஷரைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு உண்டு. எல்எஸ்பிவி என்பார்கள். சேசிஸுக்கும் பின் அச்சுக்கும் நடுவே ஒரு கம்பி. லோடு ஏறி சேசிஸ் தாழ்ந்தால் கம்பி நகர்ந்து வால்வைத் திறக்கும்.

இப்போது அதே வண்டிக்குப் பெரிய வண்டியின் லீஃப் பட்டை இரண்டு சேர்க்கிறார்கள் என்று வையுங்கள். லோடு ஏற்றினாலும் வண்டி தாழாது. வால்வுக்கு வண்டி காலி என்றே தோன்றும். பின் பிரேக்குக்குப் பிரஷரைத் திறந்துவிடாது. முழு லோடில், மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில், பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும். பட்டை சேர்த்தவருக்கும் பிரேக் பார்த்தவருக்கும் இந்தத் தொடர்பு தெரியாமலே போகலாம்.

பட்டை சேர்ப்பதால் சட்டப்படி ஏற்றக்கூடிய எடை ஒரு கிலோகூடக் கூடுவதில்லை. ஆர்சியில் எழுதியிருக்கும் மொத்த எடைதான் கணக்கு. அதைத் தாண்டினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000.

டோனரிலிருந்து எடுக்கவே கூடாதவை பிரேக்கில் சில உண்டு: ரப்பர் ஹோஸ், வீல் சிலிண்டர் கிட், பேட், ஷூ, ஆயில் சீல். இவை எல்லாம் புதிதுதான். டிஸ்க்கின் தடிமனை அளந்து, அதிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஸ்டியரிங், கியர் பாக்ஸ், கிரவுன்

பவர் ஸ்டியரிங் என்றால் பாக்ஸை மட்டும் வாங்கினால் போதாது. இன்ஜினில் பம்ப்பைப் பூட்ட பிராக்கெட், புல்லி, பெல்ட், ஆயில் டேங்க், ஹை பிரஷர் ஹோஸ், பாக்ஸுக்குப் பொருந்தும் டிராப் ஆர்ம், காலமை இணைக்கும் ஜாயின்ட் எல்லாம் வேண்டும். பாக்ஸ் உட்காரும் இடமும் டிராப் ஆர்மின் நீளமும் சற்று மாறினாலும், பள்ளத்தில் இறங்கும்போது வண்டி தானாக ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும்.

இங்கே ஒரே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்: ஸ்டியரிங் ராடு, டிராப் ஆர்ம், டை ராடு எதையும் வெட்டி வெல்டிங் வைக்க விடக்கூடாது. டிராப் ஆர்ம் போன்றவை அடித்து உருவாக்கிய இரும்பு. வெல்டிங் சூடு பட்ட இடம் எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. நீளம் சேரவில்லை என்றால் அந்த டோனர் உங்கள் வண்டிக்கானது இல்லை.

ஐந்து கியர் பாக்ஸ் ஏறும்போது கிளட்ச் பிளேட்டின் பல், பெல் ஹவுசிங், புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம், ஸ்பீடோமீட்டர் கியர் ஆகியவை கூடவே மாறும். லேத்து வேலை அதிகம், ஆபத்து குறைவு.

பின் ஹவுசிங்கின் கிரவுன் பினியனை மாற்றலாமா என்று கேட்பவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுக்கொள்ளலாம். விகிதம் 4.88-லிருந்து 4.27 ஆனால், அதே வேகத்தில் இன்ஜின் சுற்று 12.5 சதவீதம் குறையும். ஹைவேயில் சத்தம் அடங்கும், டீசலும் மிச்சப்படலாம். ஆனால் சக்கரத்துக்குப் போகும் இழுவையும் அதே 12.5 சதவீதம் குறையும். காய்கறி ஏற்றிக்கொண்டு மலை ஏறும் வண்டிக்கு இது நல்ல பேரம் அல்ல. டயர் அளவை மாற்றினாலும் இதே விளைவுதான்: 215/75 ஆர்15 டயரைவிட 235/75 ஆர்15-இன் விட்டம் சுமார் 4 சதவீதம் அதிகம், மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62.5-ஐத் தாண்டி ஓடும். டயர் அளவு ஆர்சியில் இருக்கும் விவரம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்ஜினை மாற்ற முடியுமா?

முடியும், ஆனால் வாசல் குறுகல். அதே மேக், அதே வகை இன்ஜின் என்றால் ஆர்டிஓ அனுமதியோடு மாற்றி, புது இன்ஜின் எண்ணை ஆர்சியில் ஏற்றிக்கொள்ளலாம். குறைந்தது 10 போக்குவரத்து வண்டிகள் வைத்திருப்பவர்களுக்கு மட்டும், மாநில அரசு அனுமதித்தால், அதே மேக் அதே வகை இன்ஜினை முன் அனுமதி இல்லாமல் மாற்றிக்கொள்ளச் சட்டம் ஒரு சலுகை தருகிறது. அவர்களும் 14 நாட்களுக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும். வண்டி கடனில் இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் எழுத்துபூர்வ சம்மதமும் தேவை. இது 52-வது பிரிவிலேயே இருக்கிறது.

பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசல் இன்ஜினை இறக்கிவிட்டு, டோனரின் காமன் ரெயில் இன்ஜினை ஏற்றுவதுதான் எல்லாருக்கும் ஆசை. சிசி மாறும், எண் மாறும், புகை விதி வகை மாறும். நாடு முழுக்க பிஎஸ்4 வந்தது 2017 ஏப்ரல் 1, பிஎஸ்6 வந்தது 2020 ஏப்ரல் 1. ஒரு வண்டி எந்த விதியின்கீழ் சான்று பெற்றதோ அந்த இன்ஜினோடு சேர்த்துத்தான் அந்தச் சான்று. மேம்பட்ட இன்ஜின்தானே, காற்றுக்கு நல்லதுதானே என்ற நியாயம் கவுண்டரில் எடுபடாது. தொழில்நுட்பமாகவும் இன்ஜின் மட்டும் வந்தால் போதாது: இசியு, முழு வயரிங், இம்மொபிலைசர், பெடல் சென்சார், டேங்க் பம்ப் எல்லாம் சேர்ந்து வர வேண்டும்.

இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. சிஎன்ஜி கிட், மின்சாரக் கிட் ஆகியவற்றுக்கு அங்கீகாரம் பெற்ற கிட் என்ற தெளிவான பாதையைச் சட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறது. பழைய லோடு வண்டிக்கு நல்ல பிரேக் செட் போட்டுக்கொள்ள அப்படி ஒரு பாதை இல்லை. எரிபொருளை மாற்ற வழி இருக்கிறது; வண்டியை நிறுத்துவதை மேம்படுத்துபவர் சாம்பல் நிறப் பகுதியில் நிற்க வேண்டியிருக்கிறது.

டோனர் எங்கிருந்து வருகிறது?

டெல்லியின் மாயாபுரி, சென்னையின் புதுப்பேட்டை, மும்பையின் குர்லா என்று ஒவ்வொரு பெருநகரத்துக்கும் ஒரு இடம் உண்டு. டெல்லி தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தடுத்தது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பிறகு அந்த உத்தரவில் தளர்வுகள் வந்தாலும், ஓடும் நிலையில் இருந்த வண்டிகளும் உடைப்புக்குப் போக அது ஒரு காரணம். 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவும் ரத்தாகிறது. ராணுவம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. அந்த வண்டிகள் போக வேண்டிய இடம் பதிவுபெற்ற ஸ்கிராப் மையம்.

சந்தையின் இன்னொரு முகம் உத்தரப் பிரதேசத்தின் மீரட்டில் தெரிந்தது. அங்கே சோத்திகஞ்ச் என்ற உதிரிபாகச் சந்தை, திருட்டு வண்டிகளைப் பிரிக்கும் இடம் என்று வட இந்தியா முழுக்கப் பெயர் எடுத்திருந்தது. போலீஸ் நடவடிக்கைக்குப் பிறகு 2021 டிசம்பரில் கடைகள் மூடப்பட்டன.

உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது? திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ அதை நேர்மையற்ற முறையில் வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. கியர் பாக்ஸுக்கும் காலிப்பருக்கும் ஆர்சியில் எண் கிடையாது. பில் ஒன்றுதான் உங்களுக்கு ஆதாரம். இன்ஜினின் பிளாக்கில் எண் இருக்கிறது, அது பதிவேட்டிலும் இருக்கிறது. அந்த எண்ணைத் தேய்த்தோ திரும்பக் குத்தியோ இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

சரிபார்க்க இரண்டு கதவுகள் உண்டு. டோனரின் பதிவெண் தெரிந்தால் எம்பரிவாகன் செயலியில் அதன் நிலை தெரியும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் சேவையில் இன்ஜின் எண், சேசிஸ் எண்ணைக் கொடுத்து அது திருடுபோன வண்டியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கலாம். 2021 செப்டம்பரில் வந்த ஸ்கிராப் மைய விதிகளின்படி, பதிவுபெற்ற மையங்கள் ஒரு வண்டியை எடுக்கும் முன் இந்தச் சரிபார்ப்பைச் செய்தாக வேண்டும். எனவே அங்கிருந்து வரும் பாகத்தை நம்புவது எளிது. மற்றக் கடைகளில் வாங்கினால் பில்லில் பாகத்தின் பெயரோடு டோனரின் பதிவெண்ணையும் எழுதிக் கேளுங்கள். எழுத மறுத்தால் அதுவே ஒரு பதில்.

சீட் பெல்ட், ஏர்பேக், ஸ்டியரிங் லாக், இம்மொபிலைசர், சைலன்ஸர் போன்ற பழைய பாகங்களைப் புது வண்டி கட்டுவதில் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பாவின் 2005-ஆம் ஆண்டு விதி ஒன்று தடுக்கிறது. பழைய பிக்கப்புக்கும் அந்தப் பட்டியல் நல்ல வழிகாட்டி. ஒருமுறை விபத்தைத் தாங்கிய சீட் பெல்ட்டின் நார் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்வைக்குத் தெரியாது.

எஃப்சி, இன்சூரன்ஸ்

போக்குவரத்து வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்சி. தானியங்கிச் சோதனை நிலையங்களில் வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் பலத்தையும் தனியாக அளக்கிறார்கள். இடது வலது வித்தியாசமும் தெரிந்துவிடும். டோனர் பிரேக் போட்டவர்கள் இந்த அளவீட்டைத் தண்டனையாகப் பார்க்க வேண்டியதில்லை. வேலை சரியா என்று எண்களில் சொல்லும் சோதனை வேறு எங்கேயும் அவ்வளவு எளிதில் கிடைக்காது.

இன்சூரன்ஸில் மாற்றத்தை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கிவைப்பது நல்லது. சொல்லாமல் விட்டால், சொந்த வண்டிச் சேதத்துக்கான கிளெய்மில் சர்வேயர் முதலில் கை வைக்கும் இடம் அதுதான். விபத்தில் வேறொருவர் பாதிக்கப்பட்டால் பாலிசி நிபந்தனை மீறல் என்று காட்டி, அவருக்கு இழப்பீட்டைக் கம்பெனி கொடுத்துவிட்டு உங்களிடம் திரும்ப வசூலிக்கக் கேட்ட வழக்குகளும் உண்டு. பல லட்சம் ரூபாய் விஷயம்.

பாகங்களைத் தனித்தனியாக வாங்காமல் அடிபட்ட வண்டியையே முழுசாக விலைக்கு எடுப்பவர்களும் இருக்கிறார்கள். செட்டாகக் கிடைக்கும், போல்ட் முதல் பிராக்கெட் வரை தேட வேண்டாம். வேலைக்கு இதுதான் வசதி. ஆனால் அந்த வண்டிக்கும் ஒரு ஆர்சி இருக்கிறது. ஓட்ட முடியாத நிலைக்கு ஒரு வண்டி போய்விட்டால் உரிமையாளர் 14 நாட்களுக்குள் ஆர்டிஓவிடம் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்க வேண்டும் என்கிறது 55-வது பிரிவு. அதைச் செய்யாமல் மிச்சக் கூட்டைப் பழைய இரும்புக்குப் போட்டால், சேசிஸ் எண் தகடும் நம்பர் பிளேட்டும் யார் கைக்காவது போகும். திருட்டு வண்டி ஒன்று அந்த அடையாளத்தைப் போட்டுக்கொண்டு ஓடினால், போலீஸ் தேடிவரும் முகவரி பழைய உரிமையாளருடையது. அவர் காட்டும் விற்பனை ரசீதில் இருப்பது உங்கள் பெயர். பாகங்களைக் கழற்றிய பிறகு மிச்சத்தைப் பதிவுபெற்ற மையத்தில் கொடுத்து, டெபாசிட் சான்றிதழ் வாங்கி, பதிவு ரத்தான விவரம் பரிவாகன் தளத்தில் ஏறிவிட்டதா என்று பாருங்கள். முக்கிய பாகங்கள் குறைந்தால் மையம் எடுத்துக்கொள்ளுமா என்பதை மட்டும் ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன்பே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.